வருபொருள் உரைத்தல்: அறிவியல் மிகுபுனைவு நாவலுக்குப் பிட்ச் எழுதுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, ஒருவர் எழுதியதை மற்றவர் வாசித்துத் திருத்திக்கொள்கிறோம். அண்மைக் காலமாக எங்களிடம் வரும் கையெழுத்துப் பிரதிகளில் பலவும் சாமியும் எந்திரமும் கலந்த சாகச நாவல்கள். முந்நூறு பக்கத்தைச் சளைக்காமல் எழுதிவிடுகிறவர்கள், அதைப் பற்றி மூன்று வரி கேட்டால் திணறிப்போகிறார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

பிட்ச் என்று எதைச் சொல்கிறீர்கள்? கதைச் சுருக்கமும் அதுவும் ஒன்றா?

இல்லை. நாவலை இன்னும் படிக்காத ஒருவரைப் படிக்க வைப்பதற்காகச் சொல்லும் மிகச் சில வரிகள்தான் பிட்ச். சினிமாக்காரர்கள் ‘ஒன்லைன்’ என்பார்கள். பதிப்பாசிரியருக்குப் போகும் கடிதத்தில் அது முதல் பத்தி. கதைச் சுருக்கம் என்பது முடிவு உட்பட எல்லாத் திருப்பங்களையும் ஓரிரு பக்கத்தில் வரிசையாகச் சொல்வது. பின்னட்டை வரிகள் இன்னொன்று. அவை கடையில் புத்தகத்தைக் கையில் எடுத்துவிட்டவருக்கானவை.

நம் பக்கத்தில் இதற்குப் பழைய பெயரே இருக்கிறது. வில்லுப்பாட்டில் காப்புப் பாடி முடித்ததும் ‘வருபொருள் உரைத்தல்’ என்று ஒரு பகுதி வரும். இன்று யார் கதையைப் பாடப்போகிறோம் என்பதைப் புலவர் கூட்டத்துக்குச் சொல்லும் இடம் அது. குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டு வளம் எல்லாம் அதற்குப் பிறகுதான். கோயில் கொடைத் திருவிழாவின் பந்தலில் பாதிப் பேர் இன்னும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். குழந்தைகள் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் அந்தச் சில வரிகள்தான் ஆட்களை உட்கார வைக்கின்றன. பிட்ச் என்றால் விழிக்கும் நண்பர்களிடம் ‘உங்கள் வருபொருளைச் சொல்லுங்கள்’ என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். உடனே புரிந்துகொள்கிறார்கள்.

அறிவியல் மிகுபுனைவு என்றால் சரியாக என்ன?

அறிவியல் புனைவில் நடப்பதற்கெல்லாம் ஓர் அறிவியல் காரணம் இருக்க வேண்டும். மிகுபுனைவில் மந்திரமும் தெய்வமும் காரணம் கேட்காமலே இயங்கும். இரண்டும் ஒரே உலகத்தில், ஒன்றையொன்று பொய்யாக்காமல் நின்றால் அது அறிவியல் மிகுபுனைவு. கடைசி அத்தியாயத்தில் ‘சாமி என்று நினைத்ததெல்லாம் வேற்றுக்கிரக எந்திரம்தான்’ என்று முடித்தால், அது மீண்டும் அறிவியல் புனைவாகிவிடும்.

நெல்லைச் சீமைக்காரருக்கு இந்தக் கலப்பு புதிதல்ல. அனுமன் கடலைத் தாண்டக் காலூன்றிய மலை என்று மக்கள் சொல்லும் மகேந்திரகிரியில்தான் இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறது. தசராவுக்குக் காளி வேடம் கட்டி வீடு வீடாகக் காணிக்கை வாங்கும் குலசேகரன்பட்டினத்தில், 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1986 வரை அதுவும் திருநெல்வேலி மாவட்டம்தான். நீங்கள் எதையும் வலிந்து ஒட்டவைக்க வேண்டியதில்லை. ஆனால் இவை அத்தனையையும் ஒரே பிட்சில் கொட்டிவிடாதீர்கள்.

என் நாவலில் ஏழு உலகங்கள், மூன்று இனங்கள், இருபதாயிரம் ஆண்டு வரலாறு. இதை எப்படி மூன்று வரிக்குள் அடக்குவது?

அடக்க வேண்டாம், விட்டுவிடுங்கள். எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

எங்களிடம் வந்த பல பிட்சுகளின் சாயலில் நானே எழுதிய மாதிரி இது:

‘பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் குமரிக் கண்டம் கடலில் மூழ்கியபோது, ஏழு சித்தர்கள் பிரபஞ்ச ஆற்றலை ஏழு கற்களில் அடைத்து மறைத்தனர். இன்று தீய சக்திகள் அவற்றைத் தேடும் வேளையில், ஒரு சாதாரண இளைஞன் தன் விதியைச் சந்திக்கிறான். குவாண்டம் அறிவியலும் பண்டைய மந்திரமும் மோதும் விறுவிறுப்பான சாகசம்!’

இதில் ஆள் எங்கே? ‘சாதாரண இளைஞன்’ என்பவனுக்கு ஊர் இல்லை, பெயர் இல்லை, வீட்டில் காத்திருப்பவர் யாரும் இல்லை. கல் கிடைத்தால் அவனுக்கு என்ன, கிடைக்காவிட்டால் என்ன? ‘விதியைச் சந்திக்கிறான்’ என்பதை எந்த நாவலுக்கும் எழுதலாம். ‘குவாண்டம்’ என்ற சொல் அங்கே ஒரு வேலையும் செய்யவில்லை. எழுதியவருக்குத் தன் உலகத்தின் மீது இருக்கும் அன்பு எனக்குப் புரிகிறது. ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து கட்டிய உலகம் அது. ஆனாலும் அது நாட்டு வளம். வருபொருளைச் சொல்லிவிட்டுப் பாட வேண்டியது.

பிட்சில் உலகத்துக்கு ஒரே ஒரு விதி போதும். அறிவியலும் மந்திரமும் எந்தப் புள்ளியில் தொட்டுக்கொள்கின்றனவோ, அந்த விதி. அடுத்து, அந்த விதியைப் பயன்படுத்த உங்கள் ஆள் கொடுக்க வேண்டிய விலை. எல்லா நாவலிலும் ஆபத்து இருக்கும். உங்கள் உலகத்தில் மட்டுமே கேட்கப்படும் விலை எது என்று பாருங்கள். அதுவே உங்கள் பிட்ச்.

ஒரு முழு உதாரணம் காட்ட முடியுமா?

நான் எழுதிக்கொண்டிருக்கும் நாவலையே எடுத்துக்கொள்கிறேன். முதலில் எழுதிய வரி இது: ‘தேரிக்காட்டில் தொலைந்த தம்பியைத் தேடிப் போகும் அக்காவின் கதை.’ பொய் இல்லை. ஆனால் சாமியும் இல்லை, அறிவியலும் இல்லை, விலையும் இல்லை. காவல் நிலையத்தில் கொடுக்கும் புகாரைப் போல இருந்தது.

இப்போது இப்படி நிற்கிறது:

‘இசக்கியம்மாளின் தம்பி, கொடை இரவில் சாமி வந்து வேட்டைக்கு ஓடியவன், தேரிக்காட்டு மணலில் மறைந்துவிட்டான். இரவில் அடங்கிக் கிடக்க வேண்டிய காந்தமானி அந்த ஒரு மணி நேரம் துள்ளியதை அவள் ஆய்வகத்தில் பார்க்கிறாள். அந்தத் துள்ளல்தான் அவன் போன வழி. அந்த வழியில் நடக்க நடக்க அவளுக்குத் தெரிந்த பெயர்கள் ஒவ்வொன்றாக மறந்துபோகும்; தம்பியின் பெயர் மறப்பதற்குள் அவனைக் கூப்பிட்டாக வேண்டும்.’

44 சொற்கள், நான்கு வாக்கியங்கள். விதி மூன்றாவது வாக்கியத்தில் இருக்கிறது, விலை நான்காவதில். நாவலில் இசக்கியம்மாளுக்கு ஒரு தோழி உண்டு, ஒரு பகைவர் உண்டு, மணலுக்கு அடியில் ஒரு நகரமே உண்டு. எதையும் சொல்லவில்லை. தம்பியின் பெயரையும் வேண்டுமென்றே சொல்லவில்லை.

ஒரே வாக்கியத்தில்தான் எழுத வேண்டும் என்கிறார்களே?

அது ஆங்கிலத்துக்குச் சொன்ன விதி. ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து உடனே வினை வந்துவிடும். மற்றவை பின்னால் தொங்கும். தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் திணித்தால் எச்சங்கள் ரயில்பெட்டிகளாக நீளும்:

‘திருநெல்வேலிக்கு அருகில் புவிக்காந்த ஆய்வகத்தில் பணிபுரியும், சிறுவயதிலேயே தாயை இழந்து தம்பியைத் தானே வளர்த்த, கொடை இரவில் மறைந்துபோன அந்தத் தம்பியைக் காந்தமானியில் தெரிந்த துள்ளலின் வழியே தேடிச் செல்லத் துணியும் இசக்கியம்மாள்...’

படிப்பவர் வினைக்காகக் காத்திருந்தே களைத்துவிடுவார். வினைமுற்று வரும் இடத்தில் முற்றுப்புள்ளி வையுங்கள். மூன்று அல்லது நான்கு சிறு வாக்கியங்கள் தமிழின் மூச்சுக்குப் பொருந்துகின்றன. ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் தனியாக எடுத்துப் படித்துப் பாருங்கள்: மறைந்துவிட்டான், பார்க்கிறாள், வழி, வேண்டும். கதையின் எலும்பு அதிலேயே தெரிய வேண்டும். ‘இருக்கிறது’, ‘ஆகும்’, ‘அமைகிறது’ என்றே முடிந்தால் அந்தப் பிட்சில் எதுவும் நடக்கவில்லை என்று பொருள்.

சொல் கணக்கிலும் கவனம் தேவை. ‘அவனைத் தேடிப் போகிறவளுக்கு’ என்பது நமக்கு மூன்று சொல். வேற்றுமை உருபும் பால் விகுதியும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், ஆங்கிலத்தில் முப்பத்தைந்து சொல் என்று சொல்லும் இடத்தில் தமிழில் அதைவிடக் குறைவாகவே தேவைப்படும். நான்கு வாக்கியம் எழுதினாலும் ஐம்பது சொல்லைத் தாண்டினால் எதையோ கூடுதலாகச் சொல்கிறீர்கள்.

அறிவியலை எவ்வளவு சொல்ல வேண்டும்? வாசகர் விஞ்ஞானி அல்லவே.

பிட்சில் ஒரு கருவி, ஒரு நடத்தை. அவ்வளவு போதும். ஆனால் அந்த ஒன்று உண்மையாக இருக்க வேண்டும்.

காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானி எனக்கு எப்படிக் கிடைத்தது என்று சொல்கிறேன். பூமியின் காந்த நடுக்கோடு நம் ஊருக்கு அருகில் செல்கிறது. கோட்டின் மேல், தொங்கவிட்ட காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கும். அந்தக் கோட்டை ஒட்டி, தரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில், பகல் நேரத்தில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் பாய்கிறது. நண்பகலை ஒட்டி உச்சத்தைத் தொட்டு, மாலையில் தணிந்துவிடும். இதையெல்லாம் கவனிக்கத்தான் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் பாளையங்கோட்டையை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இருக்கிறது. கோயில் சிற்பங்களுக்காக அந்த ஊருக்குப் போகிறவர்களில் பலருக்கு இது தெரியாது.

பகலில் ஓடி இரவில் அடங்கும் மின்னோட்டம் என்று படித்த அன்றே எனக்குக் கதை கிடைத்துவிட்டது. நம் பக்கத்துச் சுடலைமாடன் கொடையில் நள்ளிரவில்தான் சாமி வேட்டைக்குப் போகும். அடங்கியிருக்க வேண்டிய நேரத்தில் காந்தமானி வரையும் கோடு துள்ளினால்? அறிவியலைச் சரியாகத் தெரிந்துகொண்டதால்தான் அதை மீறும் இடம் எது என்று எனக்குத் தெரிந்தது. வெறுமனே ‘மர்மமான காந்த அலைகள்’ என்று எழுதியிருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

பழமைக்கும் இதே கவனம் தேவை. ‘பல்லாயிரம் ஆண்டுகள்’ என்பது காதில் விழுந்து மறையும். சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழியில் இருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. ‘3,200 ஆண்டுகளுக்கு முன் தாழியில் வைத்த நெல் முளைக்கிறது’ என்று ஒருவர் பிட்ச் தொடங்கினால் நான் நிமிர்ந்து உட்காருவேன். நெல் உண்மை, முளைப்பது உங்கள் கற்பனை. இரண்டும் சந்திக்கும் கோடு தெளிவாகத் தெரிகிறது.

கொடை, வேட்டை, தேரி என்றெல்லாம் எழுதினால் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவருக்குப் புரியுமா?

ஒரு பிட்சுக்கு இரண்டு மூன்று வட்டாரச் சொற்கள் தாங்கும். விளக்கத்தைத் தனியாக எழுதாமல், சொல்லைச் சுற்றி இருக்கும் சொற்களே விளக்கும்படி செய்யுங்கள்.

முன்பு நான் ‘கொடை இரவில் வேட்டைக்குப் போன தம்பி’ என்றுதான் எழுதியிருந்தேன். கோயம்புத்தூர் நண்பர் ஒருவர் படித்துவிட்டு, ‘துப்பாக்கியோடு போனானா?’ என்று கேட்டார். அவர் மேல் தவறில்லை. சாமியாடி பந்தத்தோடு மயானத்துக்கு ஓடுவதை வேட்டை என்போம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ‘சாமி வந்து வேட்டைக்கு ஓடியவன்’ என்று மாற்றினேன். ஒரு சொல்லை மாற்றி இரண்டைச் சேர்த்ததிலேயே குழப்பம் தீர்ந்தது. தேரிக்காட்டுக்கு ‘மணல்’ என்ற ஒரு சொல்லைத் துணைக்கு வைத்தேன். குதிரைமொழித் தேரியில் இரும்பு ஆக்சைடால் சிவந்து கிடக்கும் அந்த மணல்மேடுகளைப் பார்க்காதவருக்கும், மணலில் ஒருவன் மறைவது புரிந்துவிடும். சிவப்பு நாவலுக்குள் வரட்டும்.

‘பாலைவனம்’ என்று பொதுவாக்கிவிடலாமா என்று கேட்டார்கள். கூடாது என்பேன். பாலைவனத்தில் நடக்கும் சாகசங்கள் உலகமெங்கும் இருக்கின்றன. தேரிக்காட்டில் நடப்பது உங்களுடையது மட்டும்தான்.

குலதெய்வத்தைக் கதையில் கொண்டுவந்தால் ஊரில் மனம் நோகாதா?

நோகும்படியும் எழுதலாம், நோகாமலும் எழுதலாம். பிட்ச் குறுகியது, அதில் ஒரு சொல் தவறினால் திருத்திச் சொல்ல இடம் இருக்காது. ‘சுடலைமாடன் என்ற பேய்’ என்று ஒரு பிட்சில் படித்தேன். எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை, வெளியூர் வாசகருக்குப் பயம் காட்ட நினைத்திருக்கிறார். ஆனால் அது பல குடும்பங்கள் முதல் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் தெய்வம். தெய்வத்தை வில்லனாக்கும் குறுக்குவழியை நான் ஏற்பதில்லை. ஓர் ஊரின் உண்மையான கோயிலையோ பீடத்தையோ பெயர் சொல்லி அதற்கு இல்லாத கதை கட்டுவதையும் தவிர்த்துவிடுங்கள். என் நாவலில் வரும் கோயிலுக்கு நான் ஊர்ப் பெயர் வைக்கவில்லை.

முடிவைச் சொல்லலாமா?

பிட்சில் வேண்டாம். கதைச் சுருக்கத்தில் கட்டாயம் சொல்ல வேண்டும். இதை மாற்றிச் செய்கிறவர்கள்தான் அதிகம்.

‘தமிழில் இதுவரை வராத முயற்சி’ என்று சேர்க்கலாமா?

வேண்டாம். பதிப்பாசிரியர் உங்களைவிட அதிகம் படித்திருப்பார். ‘விறுவிறுப்பான’, ‘பிரம்மாண்டமான’ என்பவற்றையும் எடுத்துவிடுங்கள்.

மூன்று பாகத் தொடர் என்றால்?

முதல் பாகத்துக்கு மட்டும் பிட்ச் எழுதுங்கள். கடிதத்தின் இறுதியில் ‘இது தனியாகவும் நிற்கும், தொடரவும் இடம் உண்டு’ என்று ஒரு வரி போதும். அது உண்மையாகவும் இருக்க வேண்டும்.

எக்ஸ் தளத்தில் 280 எழுத்துக்குள் எழுத வேண்டும் என்றால் தமிழில் முடியுமா?

முடியும். ஆனால் கணக்கு நாம் எண்ணுவது போல அல்ல. கணினிக்கு ‘தா’ என்பது த ஒன்று, துணைக்கால் ஒன்று என இரண்டு; புள்ளி வைத்த எழுத்தும் இரண்டு. தாமிரபரணி நமக்கு ஆறு எழுத்து, அதற்கு ஒன்பது. என் பெரிய பிட்ச் அதில் அடங்காது. சிறியது இது:

‘தம்பியைத் தேடித் தேரிக்காட்டுக்குள் போகிறாள் இசக்கியம்மாள். ஒவ்வோர் அடிக்கும் ஒரு பெயர் மறக்கும். அவன் பெயர் மறப்பதற்குள் கூப்பிட வேண்டும்.’

இடைவெளிகளையும் சேர்த்து 140-ஐ ஒட்டி வருகிறது. காந்தமானி போய்விட்டது. இழப்புதான். ஆனால் எதை விடுவது என்ற நெருக்கடி வந்தபோது, கருவியை விட்டுவிட்டு விலையை வைத்துக்கொண்டேன். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

ஆங்கிலத்தில் இலக்கிய முகவர்களுக்கு அனுப்ப விரும்புகிறேன். இதையே மொழிபெயர்த்தால் போதுமா?

போதாது. அங்கே பெரும்பாலும் ஒரு பக்கக் கடிதம் எதிர்பார்ப்பார்கள். பிட்ச் ஓரிரு பத்தி நீளும். நாவலின் மொத்தச் சொல் எண்ணிக்கை, எந்த வகை, அண்மையில் வந்த எந்தப் புத்தகங்களின் வாசகர்களுக்கு இது பிடிக்கும் என்பதெல்லாம் வேண்டும். நாவலும் முழுமையாக முடிந்திருக்க வேண்டும். ஆங்கிலத்திலேயே புதிதாக எழுதுங்கள். ‘கொடை’, ‘தேரி’ ஆகிய சொற்களை மட்டும் அப்படியே எடுத்துச் செல்லுங்கள்.

நேரில் கேட்டால் எப்படிச் சொல்வது?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு புத்தகக் கண்காட்சியில் ஒரு பதிப்பாளர் என்னிடம், ‘என்ன எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்?’ என்று கனிவாகக் கேட்டார். நான் அகத்தியர் பொதிகைக்கு வந்ததிலிருந்து தொடங்கினேன். தாமிரபரணி பாபநாசத்தைத் தாண்டுவதற்குள் வேறு ஒருவர் வந்து அவர் கையைப் பிடித்து அழைத்துப் போய்விட்டார். இசக்கியம்மாளின் பெயரைக்கூட நான் சொல்லியிருக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அதன் பிறகு நான் செய்வது, எழுதிய பிட்சை மனப்பாடம் செய்யாமல், ஆள், தொலைந்தது, விதி, விலை என்ற நான்கையும் அந்த வரிசையில் நினைவில் வைத்துக்கொள்வது. சொற்கள் அந்தந்த நேரத்துக்கு ஏற்ப வந்துவிடும். சொல்லி முடித்ததும் நிறுத்திவிட வேண்டும். அவர் அடுத்த கேள்வியைக் கேட்கும் வரை காத்திருப்பது கடினமாக இருக்கும், காத்திருங்கள்.

பிட்ச் தயாராகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எழுத்தாளர் அல்லாத ஒருவரிடம் வாய்விட்டுப் படியுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அவர்களாக என்ன கேட்கிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். ‘தேரி என்றால்?’ என்பது போன்ற கேள்வி வந்தால் எழுத்தில் ஓட்டை இருக்கிறது. ‘பிறகு?’ என்று வந்தால் வேலை முடிந்தது.

நான் கல்லிடைக்குறிச்சியில் என் அத்தையிடம் படித்தேன். மொட்டைமாடியில் அப்பளத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். முன்பு இரண்டு முறை படித்தபோது ‘ம்’ என்றதோடு சரி. இந்த நான்கு வாக்கியங்களைக் கேட்டதும் கையிலிருந்த அப்பளத்தைப் போடாமல் நிமிர்ந்து, ‘அந்தப் பையன் பெயர் என்ன?’ என்று கேட்டார். அன்று இரவே பதிப்பாசிரியருக்கு அனுப்பிவிட்டேன்.